உசிக் எக்காலத்துக்குமான வீரரா? நடுவர் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது?

கேள்வி: நான் தேவகோட்டைக்காரன். எங்கள் தெருவில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டிமண்டபம் உண்டு. 2026 பொங்கலுக்கு இளைஞர்கள் பிடிவாதம் பிடித்து ஒரு விளையாட்டுத் தலைப்பை வாங்கிவிட்டார்கள்: ‘ஒலெக்சாண்டர் உசிக் எக்காலத்துக்குமான மாபெரும் குத்துச்சண்டை வீரர்களில் ஒருவரா, இல்லையா?’ நடுவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். ‘24 சண்டை, 24 வெற்றி, இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்கிறது ஒரு அணி. எதிரணிக்கு என் அப்பச்சிதான் (அப்பா) தலைவர். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை போட்டபோது நேரில் பார்த்தவர். அலிக்குப் பிறகு யாரும் கிடையாது என்பார். நான் சண்டைகளை விரும்பிப் பார்ப்பவன், ஆனால் பழைய வரலாறு அவ்வளவாகத் தெரியாது. எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது?

பதில்: முதலில் தலைப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா எடைப் பிரிவிலும் சேர்த்து மாபெரும் வீரர்களில் ஒருவரா என்பது ஒரு கேள்வி. மாபெரும் ஹெவிவெயிட்களில் (மிக உயர்ந்த எடைப் பிரிவு வீரர்களில்) ஒருவரா என்பது வேறு கேள்வி. அலியைவிடப் பெரியவரா என்பது மூன்றாவது, அது உங்கள் தலைப்பிலேயே இல்லை. அப்பச்சி மூன்றாவதைப் பேசி முதலாவதில் ஜெயிக்கப் பார்ப்பார். இளைஞர்களும் அந்த இழுப்பில் போய் அலியோடு மல்லுக்கு நிற்பார்கள். அப்புறம் மேடையில் உசிக்கைப் பற்றிய பேச்சே இருக்காது. காரைக்குடிக் கம்பன் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த பக்கத்துக்காரர் நீங்கள். நல்ல நடுவர் முன்னுரையிலேயே எல்லைக்கோட்டைப் போட்டுவிடுவார் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரணித் தலைவர் உங்கள் தகப்பனார் என்பதையும் அந்த முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, இளைஞர்கள் தூக்கிப் பிடிக்கும் ‘தோல்வியே இல்லை’ என்ற வாதம். அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுங்கள். அலி 5 முறை தோற்றவர். பெரும்பாலான வல்லுநர்கள் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து முதலிடம் கொடுக்கும் சுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். மறுபக்கம், ஜெர்மனியின் ஸ்வென் ஓட்கே 34 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் 2004-ல் ஓய்வு பெற்றார். பெரும்பாலும் சொந்த நாட்டு மேடைகளிலேயே சண்டை போட்டவர். அவரை மாபெரும் வீரர் வரிசையில் வைப்பவர்கள் அரிது. தோல்வி இல்லாத கணக்கு, எதிரில் நின்றது யார் என்று பார்த்த பிறகுதான் ஏதாவது சொல்லும்.

பெல்ட், அதாவது உலகப் பட்டங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். இன்று 17 எடைப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு அமைப்புகளின் பட்டங்கள். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938-ல் ஒரே நேரத்தில் மூன்று பிரிவுகளின் பட்டத்தை வைத்திருந்தபோது இருந்தவை எட்டே பிரிவுகள். பட்டங்கள் எப்படிக் கை மாறுகின்றன என்பதற்கு உசிக்கே உதாரணம். 2024 மே மாதம் டைசன் ஃபியூரியை வென்று நான்கு பட்டங்களையும் சேர்த்தார். அடுத்த மாதமே ஐ.பி.எஃப். பட்டம் யாரிடமும் தோற்காமலே அவர் கையைவிட்டுப் போனது, ஏனென்றால் அந்த அமைப்பு கைகாட்டிய போட்டியாளரோடு மோதாமல் ஃபியூரியோடு மறுமோதலுக்கு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அந்தப் பட்டம் டேனியல் டுபுவாவிடம் சென்றது. 2025 ஜூலையில் டுபுவாவை வீழ்த்தி அதைத் திரும்ப வாங்கினார். ஆகவே பெல்ட்டை எண்ணுகிறவரை ‘யாரிடமிருந்து வாங்கியது?’ என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியில்தான் உசிக்கின் வழக்கு உயிர்பெறுகிறது. உங்கள் அவையில் இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

2016-ல் ஹெவிவெயிட்டுக்குக் கீழுள்ள குரூசர்வெயிட் பிரிவில் முதல் உலகப் பட்டத்தைப் போலந்துக்காரரான குவோவாட்ஸ்கியிடமிருந்து போலந்திலேயே வாங்கினார். 2017-ல் ஜெர்மனியின் மார்கோ ஹுக்கை பெர்லினில் வென்றார். 2018 ஜனவரியில் லாட்வியாவின் பிரீடிஸை ரிகாவில், ஜூலையில் ரஷ்யாவின் காசியேவை மாஸ்கோவில், நவம்பரில் இங்கிலாந்தின் பெல்லூவை மான்செஸ்டரில். 2021-ல் அந்தோணி ஜோஷுவாவை லண்டனில். உசிக் சொந்த நாடான உக்ரைனில் ஒரு உலகப் பட்டச் சண்டைகூடப் போட்டதில்லை. தன் ஊர்த் தொழுவில் பிடிபடாத காளைக்கு ஒரு பெயர் உண்டு. சிராவயல் பொட்டலில் அந்நிய மாடுபிடி வீரர்களுக்கு நடுவே பிடிபடாமல் போகும் காளைக்கு வேறு பெயர். உங்கள் அவைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது. குத்துச்சண்டையில் உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சல் நெருக்கமான சுற்றுகளில் நீதிபதிகளின் கையைச் சற்று இழுக்கும். அதை மீறித்தான் இவர் ஜெயித்துக்கொண்டே வந்தார்.

வென்ற நேரத்தில் எதிராளியின் நிலை என்ன என்பதும் முக்கியம். குவோவாட்ஸ்கி, பிரீடிஸ், காசியேவ், ஃபியூரி ஆகிய நால்வரும் உசிக்கைச் சந்திக்கும் நாள்வரை தோல்வியே அறியாதவர்கள். பழைய பெயர் மட்டும் மிஞ்சிய ஆட்களைத் தேடிப் போய் வென்ற கணக்கு அல்ல இது.

அடுத்து எடை. குரூசர்வெயிட் சிறிய பிரிவு, அந்த வெற்றிகளைச் சேர்க்கக் கூடாது என்று எதிரணி சொல்லும். இது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரலாறு தெரிந்தவர் முன் நிற்காது. இப்பிரிவின் இன்றைய உச்ச எடை 90.7 கிலோ, பிரிவு தோன்றியதே 1980 வாக்கில்தான். 49 சண்டைகளில் தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோது அவர் எடை ஏறத்தாழ 84, 85 கிலோ. ஜோ லூயிஸே பல சண்டைகளுக்கு 90 கிலோவை ஒட்டித்தான் வந்தார். இன்றைய அளவில் இவர்கள் குரூசர்வெயிட்காரர்கள். உசிக்கோ அந்த அளவிலிருந்து மேலேறி, சுமார் 102 கிலோவில் நின்று, 2024 டிசம்பரில் 127 கிலோவுக்கு மேல் எடை காட்டிய ஃபியூரியை 12 சுற்றுகளும் சமாளித்து மூன்று நீதிபதிகளிடமும் 116-112 என வென்றார். குரூசர்வெயிட், ஹெவிவெயிட் இரண்டிலும் எல்லா அமைப்புகளின் பட்டங்களையும் சேர்த்த மறுப்பில்லாத சாம்பியனாக அவருக்கு முன்பு இருந்தவர் இவாண்டர் ஹோலிஃபீல்ட் ஒருவர்தான். அவர் காலத்தில் சேர்க்க வேண்டியிருந்தது மூன்று பட்டங்கள்.

ஃபியூரியுடனான முதல் சண்டையின் மதிப்பெண் அட்டையை மேடையில் விளக்கினால் அவைக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9. கீழே விழுந்தாலோ நடுவர் எண்ணினாலோ 8. அன்று இரண்டு நீதிபதிகள் உசிக்குக்கு 115-112, 114-113 என்றும், ஒருவர் ஃபியூரிக்கு 114-113 என்றும் கொடுத்தார்கள். ஒன்பதாம் சுற்றில் உசிக் அடித்த அடியில் ஃபியூரி கயிறுகளில் மோதித் தடுமாறியபோது நடுவர் எண்ணினார். அந்த எண்ணிக்கை இல்லாமல் அந்தச் சுற்று 10-9 ஆகியிருந்தால் கணக்கு 115-113, 114-114, 113-115. அதாவது சண்டை டிரா. கடைசிச் சுற்றுகளில் உசிக் எப்படி மாறுகிறார் என்பதற்கு இது ஒரு சான்று. இன்னொன்று 2022-ல் ஜெட்டாவில் நடந்த ஜோஷுவா மறுமோதல். ஒன்பதாம் சுற்றில் ஜோஷுவா நன்றாகவே அடித்து ஏறிவந்தார், பத்தாம் சுற்றில் உசிக் அதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். பழைய காலத்தில் பட்டச் சண்டைகள் 15 சுற்றுகள், இன்றைய 12 எளிது என்ற வாதம் வந்தால் இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். 15 சுற்று இவருக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு.

சரி, எதிரணிக்கு நிஜமாகவே பலமான வாதம் என்ன? ஹெவிவெயிட்டில் 2025 ஜூலை வரை உசிக் போட்டது எட்டே சண்டைகள். அதில் ஆறு, ஜோஷுவா, டுபுவா, ஃபியூரி என்ற மூன்று பேரோடு இரண்டிரண்டு முறை. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து 25 முறை பட்டத்தைக் காத்தவர். அலி எதிர்கொண்டது லிஸ்டன், ஃபிரேசியர், நார்ட்டன், ஃபோர்மன் என்ற வரிசை. அந்த ஆழம் உசிக்கின் ஹெவிவெயிட் கணக்கில் இல்லை. இது குறையே, மழுப்ப வேண்டாம். உசிக்கைச் சந்திப்பதற்கு முந்தைய சண்டையில் ஃபியூரி, கலப்புத் தற்காப்புக் கலையிலிருந்து வந்த ஃபிரான்சிஸ் இங்கானுவிடம் கீழே விழுந்து எழுந்தவர் என்பதையும் சொல்வார்கள். நியாயமான வாதம்தான், ஆனால் அதே ஃபியூரி உசிக்கிடம் நன்றாகச் சண்டை போட்டார் என்பதை முதல் சண்டையின் அட்டையே காட்டுகிறது. 2023-ல் டுபுவாவின் ஐந்தாம் சுற்று அடியை இடுப்புக்குக் கீழே விழுந்த விதிமீறல் அடி என்று நடுவர் அறிவித்து உசிக்குக்கு நேரம் கொடுத்தது பற்றிச் சந்தேகம் எழுப்பினால், அதில் நெடுநேரம் போக்க வேண்டாம். 2025 மறுமோதலில் அதே டுபுவா அதே ஐந்தாம் சுற்றில் நாக் அவுட் ஆனார்.

‘அலியும் உசிக்கும் மோதினால்?’ என்ற கற்பனைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், கூட்டம் ரசிக்கும். மதிப்பெண் மட்டும் கொடுக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால்: எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்த மாபெரும் வீரர் வரிசையில் உசிக்குக்கு இடம் உண்டு. எனக்கு இதில் தயக்கமே இல்லை. இரண்டு பிரிவுகளை முழுமையாக வென்றது, வெளியூர் மேடைகள், தோல்வியறியாத எதிராளிகள், தன்னைவிட 25 கிலோ அதிகமான ஆளை இரண்டாம் முறையும் வென்றது, இவை எல்லாம் ஒருவரிடமே சேர்வது அபூர்வம். ஹெவிவெயிட்கள் மட்டும் என்றால் லூயிஸுக்கும் அலிக்கும் கீழேதான் வைப்பேன், ஹோலிஃபீல்டுக்குப் பக்கத்தில். இப்படித் தீர்ப்பு சொன்னால் தலைப்பில் இளைஞர்கள் ஜெயிப்பார்கள், அலி விஷயத்தில் அப்பச்சியின் வாக்கும் நிற்கும். இரண்டும் உண்மை என்பதால்தான் சொல்கிறேன், வீட்டுச் சமாதானத்துக்காக அல்ல.

தீர்ப்பில் ‘2025 ஜூலை வரையிலான கணக்குப்படி’ என்று ஒரு வரி சேருங்கள். உசிக் 1987-ல் பிறந்தவர், இனி தோற்கவும் கூடும். ஆனால் அலி 1980-ல் ஹோம்ஸிடமும் 1981-ல் பெர்பிக்கிடமும் தோற்றதை வைத்து யாரும் அவர் இடத்தைக் குறைக்கவில்லை. ஓய்விலிருந்து திரும்பிய லூயிஸ் 1950-ல் எசார்ட் சார்ல்ஸிடமும் மறு ஆண்டு மார்சியானோவிடமும் தோற்றார், அவர் இடமும் அப்படியே இருக்கிறது. அடுத்த பொங்கலுக்குள் உசிக் தோற்றுவிட்டால் ‘தீர்ப்பை மாற்றுங்கள்’ என்று யாராவது வருவார்கள். மாற்ற வேண்டியதில்லை.