பதில்: என் பில் மென்பொருளைக் கொப்பி பண்ணுகிறார்கள்

தம்பி, திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடைக்கு நீங்கள் விற்ற பில் மென்பொருள் பென்டிரைவில் பக்கத்துக் கடைகளுக்கும் போய்விட்டது, வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பொருந்தும், ஆனால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசாவது திரும்பி வருமா என்பது சந்தேகம். கொப்பி பண்ண முடியாதபடி மென்பொருளுக்குப் பூட்டு மேல் பூட்டுப் போடுவதும் வீண், காசு கட்டினவர்தான் அதில் மாட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு உங்களுக்குக் கோல் எடுப்பார். (உங்கள் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதுதானே?) பேசாமல் வருடச் சந்தாவுக்கு மாறுங்கள். 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 18 வீதமானதே, அந்த மாதிரி நேரத்தில் பில்லில் வரி வீதத்தை மாற்றித் தரச் சொல்லிக் கொப்பிக்காரரும் உங்களைத்தான் தேடி வருவார், அப்போது திட்டாமல் சந்தா விலையைச் சொல்லுங்கள்.