ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கலையால் ஈர்க்கப்பட்டு அங்குள்ள விலங்குகளை வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கத்தரிக்கோலிலிருந்து தொடங்குங்கள். நான் சில வருடங்களாக லினோலியத்தில், அதாவது தரைக்கு விரிக்கும் மெத்தென்ற தகட்டில், செதுக்கி அச்செடுக்கிறேன். இந்தப் பக்கம் என்னை இழுத்து வந்தது இனுயிட் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக்கின் ஆந்தை.

கனடாவின் நுனாவுட்டில் கின்கைட் என்றொரு சிற்றூர். கேப் டோர்செட் என்பது பழைய பெயர். அந்த ஊர்க் கலைஞர்களின் முதல் அச்சுத் தொகுப்பு 1959-ல் வெளிவந்தது. ஒருவர் வரைவார், இன்னொருவர் அதைக் கல்லில் செதுக்குவார். மை தடவி, மெல்லிய தாளை விரித்து, மேலே கையால் தேய்த்து எடுப்பார்கள். கெனோஜுவாக்கின் 'மந்திர ஆந்தை' 1960-ல் இப்படி வந்தது. மொத்தமே 50 பிரதிகள். 1970-ல் அது கனடாவின் தபால்தலையிலும் ஏறியது.

அந்த ஆந்தையைச் சும்மா பத்து நிமிடம் பாருங்கள். இறகுகள் சூரியக் கதிர் மாதிரி விரிந்து நிற்கும். எந்த ஆந்தைக்கும் அப்படி இறகு கிடையாது, ஆனாலும் பார்த்ததும் ஆந்தை என்று தெரிந்துவிடும். பின்னால் பனி இல்லை, வானம் இல்லை, தரைக்கோடுகூட இல்லை. நான் என் முதல் ஆந்தைக்குப் பின்னால் பனிப்பாறை, துருவ ஒளி எல்லாம் செதுக்கினேன். ஆந்தையே காணாமல் போய்விட்டது. இரண்டாவது தகட்டில் அத்தனையையும் வழித்தெடுத்த பிறகுதான் அது என்னைத் திரும்பிப் பார்த்தது.

கெனோஜுவாக் அச்சுக்கு வருமுன் சீல் என்ற கடல் விலங்கின் தோலில் உருவம் வெட்டித் தைத்தவர். கடற்பாசி தின்னும் முயல் என்ற அவருடைய முதல் அச்சே தோல் பை ஒன்றில் இருந்த வடிவம்தான். அந்தத் துணிச்சலான வெளிக்கோடு அங்கிருந்து வந்தது என்றே நம்புகிறேன். அதனால்தான் கத்தரிக்கோல் என்றேன்: பென்சில் தொடாமல், கறுப்புத் தாளில் நேராக ஒரு அண்டங்காக்கையை வெட்டுங்கள். இருபதாவது காக்கைக்குள் கை பழகிவிடும். பிறகு லினோவுக்குப் போகலாம். தேய்க்க ஒரு மரக்கரண்டி போதும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கரடி, வால்ரஸ், ஆந்தை யாருக்கும் பொது. கடல் விலங்குகளின் தாயான செட்னா அப்படியல்ல, இனுயிட் மக்களின் நம்பிக்கை. அவளை நான் செதுக்குவதில்லை. விற்றாலும் 'இனுயிட் கலை' என்று எழுதமாட்டேன். போலிகளிலிருந்து அவர்களைக் காக்கவே, இது அசல் இனுயிட் படைப்பு என்று காட்டும் இக்லூ முத்திரையை 1958-ல் கொண்டுவர வேண்டியிருந்தது. என் அச்சின் பின்புறம் என் பெயரும், யாருடைய ஆந்தையைப் பார்த்துக் கற்றேன் என்பதும் இருக்கும்.