த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் காரின் பிக்கப் கூடுமா?

கேட்டவருடைய வண்டி 70,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் கிளம்புகிறதாம். "த்ராட்டில் பாடியில் கார்பன் பிடித்திருக்கிறது, சுத்தம் செய்தால் பிக்கப் வந்துவிடும்" என்று சர்வீஸில் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா, நானே செய்ய முடியுமா என்பது கேள்வி.

சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் திணறுகிறது என்றால் செய்யுங்கள், பலன் தெரியும். பைபாஸில் நான்காவது கியரில் மிதிக்கும்போது வண்டி இழுக்கவில்லை என்பதுதான் குறை என்றால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கேபிள் த்ராட்டில் (பெடலைக் கம்பி இணைக்கும்) வண்டி ஒன்று, எலக்ட்ரானிக் த்ராட்டில் (மோட்டார் இயக்கும்) வண்டி ஒன்று, இரண்டும் உண்டு. இரண்டுக்கும் இந்த வேலையை நானேதான் செய்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியக் குழாய், அதற்குள் நாணயம் போல ஒரு வட்டத் தகடு. அவ்வளவுதான் த்ராட்டில் பாடி. நீங்கள் மிதிக்கும் அளவுக்கு அந்தத் தகடு திரும்பிக் காற்றை விடுகிறது. காலை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் சும்மா ஓடுவதற்குத் தகட்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் நுழையும் காற்றே போதும். கேபிள் வண்டிகளில் இதற்கென்று பக்கத்தில் ஒரு சின்ன துவாரமும், அதைத் திறந்து மூட ஐடில் வால்வு ஒன்றும் இருக்கும்.

ஃபில்டர் தாண்டி வரும் காற்று சுத்தமானதுதானே, அழுக்கு எங்கிருந்து வருகிறது? எஞ்சினுக்குள்ளிருந்தே வருகிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை, எண்ணெய் ஆவியையும் சேர்த்துக்கொண்டு பிசிவி குழாய் வழியாக மறுபடி இன்டேக்குக்கே அனுப்பப்படுகிறது. வெளியே விட்டால் மாசு என்பதால் இந்த ஏற்பாடு. அந்த ஆவி தகட்டின் ஓரத்திலும், தகடு மூடும் இடத்தில் குழாயின் உட்சுவரிலும் படிந்து, சூட்டில் காய்ந்து, கருப்புப் பிசினாகிவிடும். ஐடிலிங் காற்று நுழைய வேண்டிய அதே இடுக்கில்தான் இது சேருகிறது.

அதனால் வரும் தொல்லைகளும் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். ஏசி போட்டதும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) சரிந்து வண்டி உதறும். வேகத்தைக் குறைத்து கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் ஆஃப் ஆகும். கேபிள் வண்டியில் பெடல் முதலில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்து, அப்புறம் குபுக்கென்று திறக்கும். டவுன் டிராஃபிக்கில் இது எரிச்சலான விஷயம். ஆனால் பெடலைப் பாதிக்கு மேல் மிதித்துவிட்டால் தகடு அகலமாகத் திறந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய வாயில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிசின் எதையும் தடுக்காது. குதிரைத்திறன் கூடும், மைலேஜ் எகிறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே, பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் கழற்றியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் குழாயை உருவினால் தகடு தெரியும். முன்பக்கம் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அழுக்கு பெரும்பாலும் பின்பக்கம். முழுசாகச் சுத்தம் செய்ய பாடியையே கழற்றுவது நல்லது. பொதுவாக மூன்று நான்கு போல்ட்தான். சில மாடல்களில் கூலன்ட் குழாயும் இதோடு இணைந்திருக்கும். அப்படி இருந்தால், பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

த்ராட்டில் பாடி க்ளீனர் என்றே தனியாக ஸ்ப்ரே கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். சில வண்டிகளில் குழாயின் உள்ளே தொழிற்சாலையிலேயே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். வீரியமான கார்புரேட்டர் க்ளீனர் அதை அரித்துவிடும். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைக்கும் பழக்கம் நம் ஊர் ஷெட்களில் உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்துக்காகவே அதை வேண்டாம் என்பேன். க்ளீனரும் தீப்பற்றக்கூடியதுதான், காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். ஸ்ப்ரேயை நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் அடித்துத் துடையுங்கள்; இடுக்குகளுக்கு மென்மையான பழைய டூத்பிரஷ் போதும். தகட்டின் அச்சு இரு பக்கமும் நுழையும் இடத்திலும், சென்சார் இருக்கும் பக்கத்திலும் திரவம் இறங்கக் கூடாது. உப்புத்தாள், ஸ்க்ரூடிரைவர் முனை இதெல்லாம் கிட்டவே வரக் கூடாது.

எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் இன்னும் கவனம். பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரு சின்ன மோட்டாரால் தகட்டைத் திருப்புகிறது. அந்த மோட்டாரின் பற்சக்கரங்கள் பல வண்டிகளில் பிளாஸ்டிக். தகட்டைக் கையால் தள்ளவே கூடாது என்று சில கம்பெனி மேனுவல்கள் எச்சரிக்கின்றன, உங்கள் மாடலுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது தகடு லேசாகத் திறந்தே நிற்கும். அது பழுதில்லை, ஸ்பிரிங் அப்படித்தான் வைத்திருக்கிறது. இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து, சாவியை ஆன் செய்து பெடலை மிதிக்கச் சொல்லி, திறந்த தகட்டுக்குள் விரலை விட்டுத் துடைப்பதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். அவர் காலை எடுத்த நொடியில் உங்கள் விரல் நசுங்கும்.

திரும்ப மாட்டும்போது, இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த வழியாகக் காற்று நுழைந்து ஐடிலிங் இன்னும் மோசமாகும்.

பலர் பயந்துபோவது இதற்குப் பிறகுதான். சுத்தம் செய்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் 800-க்குப் பக்கத்தில் இருந்த ஐடிலிங் 1,500-க்கு ஏறி நிற்கும், அல்லது ஏறி ஏறி இறங்கும். சுத்தம் செய்ததில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இவ்வளவு நாளாக அழுக்கு அடைத்த இடுக்கை ஈடுகட்ட, ஈசியூ தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகியிருந்தது. இப்போது இடுக்கு திறந்துவிட்டது, பழைய கணக்கோ அப்படியே இருக்கிறது. சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடும். சிலவற்றில் சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் பண்ணாமல் சில நொடிகள் வைத்துவிட்டு, பிறகு ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை ஐடிலிங்கில் விட வேண்டும். இன்னும் சிலவற்றுக்கு ஸ்கேனர் (ஈசியூவோடு பேசும் கருவி) மாட்டித்தான் புதுக் கணக்கைக் கற்றுக்கொடுக்க முடியும். எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டி வைத்திருப்பவர்கள், பக்கத்தில் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். எஞ்சின் லைட் எரிந்து பி0507 என்ற பிழைக் குறியீடு வந்தால் ஐடிலிங் அதிகம் என்று பொருள். அது இந்தப் பழைய கணக்கால் வந்திருக்கலாம், அல்லது கேஸ்கெட் வழியாகக் காற்று கசியலாம்.

திறந்து பார்க்கும்போது காய்ந்த பிசினுக்குப் பதில் ஈர எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓடும்போதே இழுக்கவில்லை என்பவர்கள் முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் மூன்றையும் பாருங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி புதிதாக வந்த நாளிலிருந்தே மிதித்ததும் சின்ன தாமதம் இருக்கிறது என்றால் கம்பெனி ஈசியூவை அப்படித்தான் அமைத்திருக்கிறது. எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் அது மாறாது.

10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டாயம் என்று சர்வீஸ் பில்லில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மெயின்டனன்ஸ் அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் இல்லையென்றால், மேலே சொன்ன அறிகுறி தெரியும்வரை தொட வேண்டியதில்லை.