பட்டாவை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை கேட்டு வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேற்பார்வையாளர். மகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அம்மா நான் கேட்காமலே மஞ்சள் பையிலிருந்து வீட்டுப் பட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். லண்டனில் இருக்கும் பெரிய மாமா முடிவு செய்துவிட்டாராம்: அங்கே ஓராண்டு எம்.எஸ்சி., தரவுப் பகுப்பாய்வு, எல்லாம் சேர்த்து 30 லட்சம். "கடன் கிடைக்குமா சார், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் அப்பா.

கிடைக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். உங்களிடம் வீடு இருக்கிறது, கொடுத்துவிடுவார்கள். பயம் அதில்தான். 11 சதவீத வட்டியில் 30 லட்சம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் வட்டி மட்டும். படிக்கும் காலமும் வேலை தேடும் காலமுமாக இரண்டு ஆண்டுகள் கட்டாமல் விட்டால் கடன் 36 லட்சத்தைத் தாண்டும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 50,000 ரூபாய் வேண்டும். உங்கள் சம்பளம் 38,000 என்று நீங்களே சொன்னீர்கள். அவளுக்கு அங்கே வேலை கிடைக்காமல் போனால் இந்தத் தவணையை யார் கட்டுவது? மாமாவா?

மகளிடம் திரும்பி, தரவுப் பகுப்பாய்வு பிடிக்குமா என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். கல்லூரியில் என்ன ஆய்வு செய்தாய் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோல் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரிப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். பதனிடும்போது சேர்க்கும் குரோமியம் வேறு, நிலத்தடி நீரை நஞ்சாக்கும் ஆறு இணைதிறக் குரோமியம் வேறு என்று எனக்கே பாடம் எடுத்தாள். இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் யாரோ ஒரு கடைக்காரரின் விற்பனைக் கணக்கைக் கூட்டிக் கழிக்க உட்காரவைக்கப் போகிறீர்களா? நான் சம்மதிக்கமாட்டேன்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பற்றியெல்லாம் காட்பாடி ரோட்டில் பத்துக் கடைக்கு ஒரு கடையில் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது இத்தாலி. தோல் தொழிலில் இருப்பவருக்கு இத்தாலியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் டேனரியிலேயே இத்தாலிய இயந்திரம் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். படிக்க அங்கே போகலாம் என்பதுதான் நம் ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தோணியார் கோயில்களில் 'பதுவை' என்கிறோமே, அந்தப் பாதுவா நகரத்தின் பல்கலைக்கழகம் 1222-இல் தொடங்கியது. கலிலியோ பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய இடம். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று பாட்டி கேட்டால் இதைச் சொல்லுங்கள்: எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்ற பெண் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியது அங்கேதான், 1678-இல். வளங்குன்றா வேதியியலில் ஆங்கில வழி முதுகலை அங்கே இருக்கிறது. இத்தாலியிலும் இளங்கலை மூன்று ஆண்டுதான் என்பதால் நம் பி.எஸ்சி.க்கு நான்காம் ஆண்டு எங்கே என்று கேட்கமாட்டார்கள். அதே வெனெத்தோ மாநிலத்தில் அர்சிஞ்ஞானோ என்ற ஊர் இருக்கிறது, தெருவெல்லாம் தோல் தொழிற்சாலை. அந்த ஊர் இருக்கும் விச்சென்சா மாவட்டத்து நிலத்தடி நீரும் ஒரு வேதியியல் ஆலையால் கெட்டதுதான். தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கதையை உங்கள் மகள் அங்கே போய்ச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். கலாசாரப் பரிமாற்றம் என்று பொங்கல் விழாவில் புடவை கட்டிப் படம் எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவளிடம் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய சரக்கு இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். இத்தாலியின் மாநில உதவித்தொகை மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது. வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி. அதோடு வெளியூர் மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 யூரோ, அதில் ஒரு பகுதி விடுதியாகவும் உணவாகவும் வரலாம். அறிவியல், பொறியியல் படிக்கும் பெண்களுக்கு அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். நம் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று ஏஜெண்டின் அலுவலகத்தில் தலைகுனிய வைக்கும் காகிதம். அங்கே அதுதான் தகுதி.

இதில் சறுக்கல்களும் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு விண்ணப்பம், உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம்; இரண்டாவதை மறந்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தும் நிதி தீர்ந்து பணம் வராத மாநிலங்களும் உண்டு. முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும், அதுவரை கைக்காசுதான். முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் தேர்வுகளில் தேறி குறைந்தது 20 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) எடுக்கவேண்டும், சில இடங்களில் அதற்கும் மேல். எடுக்காவிட்டால் மீதித் தொகை நிற்கும், வாங்கியதையே திருப்பிக் கேட்கவும் கூடும்.

தேர்வு முறையும் வேறு. குடியாத்தத்துப் பையன் ஒருவனை மூன்று ஆண்டுகளுக்கு முன் அனுப்பினேன். பல தேர்வுகள் வாய்மொழியாம். பேராசிரியர் எதிரே உட்காரவேண்டும், பின்னால் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. இவனுக்கு 24 என்று சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டாராம். வேண்டாம் என்றால் மறுபடி எழுதலாம் என்பது அவனுக்குத் தெரியாது. தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான்! பேராசிரியரும் பதறி எழுந்துவிட்டாராம். நோட்ஸை மனப்பாடம் செய்து பழகிய நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் திணறுவார்கள். இன்றே பேசிப் பழகவேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் கடைக்காரரும் வீட்டுக்காரரும் இத்தாலியனில்தான் பேசுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அதற்கும் வேண்டும்.

அந்தப் பட்டா வீணாகாது. குடும்பத்தின் வருமானம், சேமிப்பு, சொந்த வீட்டின் பரப்பளவு எத்தனை சதுர மீட்டர் என்பதுவரை உதவித்தொகைக்குக் கணக்குக் கேட்பார்கள். சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசு முத்திரை) இத்தாலிய மொழிபெயர்ப்பும் வாங்கவேண்டும். திங்கட்கிழமை இ-சேவை மையத்திலிருந்து தொடங்குங்கள்.

மாமா கோபித்துக்கொள்வார் என்கிறீர்கள். அவர் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். விமான டிக்கெட்டுக்கும் முதல் சில மாதச் செலவுக்குமாக மூன்று லட்சம் ரூபாய், வட்டியில்லாமல், மருமகளுக்குக் கொடுப்பாரா என்று கேட்கப்போகிறேன்.