மகளுக்கு வந்த அழைப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பாம்பன் பக்கத்துக்காரி. கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவள். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகளே செல்போனில் அடிக்கிறாள். கடிதமும் அவளைப் பற்றித்தான்.

அவளுக்கு 21 வயது. ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். போன வருஷம் அங்கே முகாம் போட்டு, கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் சென்னையிலிருந்து போன் வருகிறது. யாரோ ஒரு ரத்தப் புற்று நோயாளிக்கு இவளுடையது பொருந்துகிற மாதிரி இருக்கிறதாம். எலும்பு மஜ்ஜை கொடுக்க வேண்டுமாம். யாருக்கு, எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் போச்சு அண்ணே. எலும்பைத் துளைத்து நல்லியை உறிஞ்சிவிட்டால் பிள்ளை நாளைக்கு நிமிர்ந்து நடப்பாளா? அடுத்த வருஷம் கல்யாணம் பேசலாம் என்று இருக்கிறோம். விஷயம் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? நாளைக்குப் பிள்ளைப்பேறு எப்படி இருக்கும்? அவள் அப்பா கடலுக்குப் போய் வந்தவர், "வேண்டாம்னு சொல்லிரு" என்று முடித்துவிட்டார். இவள் கொடுத்தே தீருவேன் என்கிறாள். நீங்கள் ரத்ததானம் பற்றி எழுதியதை முன்பு எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதனால் உங்களையே கேட்கிறேன். உங்கள் மகளாக இருந்தால் அனுப்புவீர்களா?

பெயர் வேண்டாம்,
பாம்பன்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்புவேன். என் மகளும் இதேபோலக் கன்னத்தில் தடவக் கொடுத்து, மஜ்ஜை தருவதாகப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறாள். மூன்று வருஷமாகிறது, இன்னும் அழைப்பு வரவில்லை. பதிகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி வரை வருவதே இல்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது.

நல்லி என்று நீங்கள் சொன்னது சரியான சொல். ஆட்டு எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அதுபோல நம் எலும்புக்குள் இருப்பதுதான் மஜ்ஜை. உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. அதைப் பிறப்பிக்கிற அணுவை ஸ்டெம் செல் என்கிறார்கள். தமிழில் குருத்தணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, பனை பார்த்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். குருத்து பட்டுப்போனால் பனை எத்தனை நாள் நிற்கும்? அந்த நோயாளியின் நிலைமை இன்றைக்கு அதுதான்.

ஆனால் உங்கள் மகளின் எலும்பைத் துளைக்கப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் நடக்காத ஒன்று. இப்போது அநேகமாக ரத்தத்திலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். முதலில் நான்கைந்து நாள் தினமும் ஊசி போடுவார்கள். தோலுக்கு அடியில் போடுகிற சின்ன ஊசி. அது எலும்புக்குள் இருக்கும் குருத்தணுக்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் இறக்கிவிடும். அந்த நாட்களில் உடம்பு வலிக்கும், இடுப்பும் முதுகும் குடையும், தலை வலிக்கும், காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். இதை நான் மறைக்க மாட்டேன். எடுத்து முடித்த இரண்டொரு நாளில் அது விட்டுவிடும். எடுக்கிற நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரம் வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதி இன்னொரு கை வழியாகத் திரும்பி வரும். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். மயக்க மருந்து கிடையாது. பிள்ளை போனில் படம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் எடுப்பது. அதிலும் முதுகுத்தண்டைத் தொடுவதில்லை. நம் பக்கத்தில் மஜ்ஜை என்றதும் தண்டுவடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இப்படி எடுத்தால் சில நாள் இடுப்பு வலிக்கும். எந்த வழி என்பதைப் போனில் பேசியவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்தது திரும்ப ஊறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். மரிக்கொழுந்துப் பாசியை அடியோடு பிய்க்காமல் விட்டால் அடுத்த முறை இறங்கும்போது அந்தக் கல்லில் மறுபடி தழைத்திருப்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். உடம்பும் அப்படித்தான், சில வாரங்களில் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கர்ப்பப்பைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொடுத்த பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவரிடம் எடுக்கவே மாட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் உங்கள் மகளுக்குத் தலை முதல் கால் வரை பரிசோதனை உண்டு. அவளுக்கு ஆகாது என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் டாக்டரே நிறுத்திவிடுவார். செலவு உங்களுடையது இல்லை. அவளுக்குப் பணமும் தர மாட்டார்கள், அப்படித் தராமல் இருப்பதுதான் சரி.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். யாரோ ஒரு உயிருக்காகத் துணிந்த பெண்ணைக் குறை சொல்லி ஒதுக்குகிற வீட்டுக்குள் உங்கள் மகள் போகாமல் இருப்பது நல்லது.

ஆள் யாரென்று ஏன் சொல்வதில்லை? நம்மூரில் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி எந்த ஊர், யார் வீட்டு ஆள், என்ன சாதி என்பதுதானே. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் உங்கள் வாசலில் வந்து அழுதால் உங்களால் மறுக்க முடியுமா? பணத்தோடு வந்தால்? இரண்டு பக்கத்துக்கும் நெருக்கடி வரக்கூடாது என்றுதான் மறைத்து வைக்கிறார்கள்.

சரி, இத்தனை பேர் இருக்க உங்கள் மகள் எதற்கு? இது ரத்தக் குரூப் பார்த்துச் சேர்ப்பதில்லை. எச்.எல்.ஏ. என்று அணுக்களின் மேல் ஒரு அடையாளம் இருக்கிறது. பிள்ளைக்கு அதில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. கூடப் பிறந்த ஒருவரோடு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். நம் அம்மாக்கள் காலத்தில் வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். இன்றைக்கு ஒன்று, இரண்டு. வீட்டுக்குள் கிடைக்காவிட்டால் வெளியேதான் தேட வேண்டும், அதுவும் தன் பூர்வீகத்துக்காரர்களிடம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்கப் பதிந்தவர்கள் 4 கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய இந்தியாவில் சில லட்சம் பேர்தான். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வெள்ளைக்காரர்கள் பட்டியலில் பொருத்தம் கிடைப்பது அபூர்வம். பாம்பனில் கிடைக்கலாம், மன்னாரில் கிடைக்கலாம், மலேசியாவில் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கிடைக்கலாம். ரத்தக் குரூப் வேறாக இருந்தாலும் கொடுக்கலாம். கொடுத்தவருடைய குரூப்பே பிறகு நோயாளிக்கும் வந்துவிடும். முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

புதுசாக எதையோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து இந்தச் சிகிச்சை நடக்கிறது.

வேலூர் என்று எழுதியதும் அடுத்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. என் தங்கை மகனுக்கு 19 வயதில் ரத்தப் புற்று. மண்டபத்தில் ரயில் ஏறி எத்தனை முறை போய் வந்திருப்போம், கணக்கில்லை. அவன் அக்காவுடையது பொருந்தவில்லை. தேடியதில் ஒருவர் கிடைத்தார். யாரென்று எங்களுக்கும் தெரியாது. தேதி வரைக்கும் பேசியாகிவிட்டது. பிறகு ஒரு நாள், அவர் வீட்டில் சம்மதிக்கவில்லை, விலகிவிட்டார் என்று தகவல் வந்தது. அடுத்த ஆள் கிடைப்பதற்குள் நோய் முந்திக்கொண்டது. அவர் கொடுத்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா? மஜ்ஜை மாற்றிய எல்லோரும் பிழைப்பதில்லை, அதனால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது.

அந்த முகம் தெரியாதவரை ரொம்ப நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்தபோதுதான், அவர் வீட்டிலும் தூக்கம் இல்லாமல் ஒரு தாய் இருந்திருப்பாள் என்று தோன்றியது. அவளிடம் யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை. பதியும்போதே வீட்டில் பேசியிருந்தால் அவள் பயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

அதனால் மகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவிடம் சொல்லாமல் பதிந்தது உன் தப்புதான் அம்மா. மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போதைக்கு உன்னிடம் கேட்பது இன்னொரு ரத்தப் பரிசோதனை மட்டும். அது பொருந்தினால்தான் மற்றதெல்லாம். அதற்குள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்காரவை. இப்போது வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு, யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நீ தருவதற்குச் சில நாள் முன்பே, அந்த நோயாளிக்குக் கடுமையான மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை முழுக்க அழித்துவிடுவார்கள். அதன் பிறகு நீ மாறினால் அவருக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. முடிவு உன்னுடையது, உனக்கு 21 வயது. எடுக்கிற முடிவை அந்த நாளுக்கு முன்பே எடு.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எனக்குப் பதிகிற வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. சென்னையில் தாத்ரி என்ற பதிவகம் 2009-லிருந்து இருக்கிறது, 18 வயதிலிருந்து 50 வரை பதியலாம். இளம் வயதுக்காரர்களைத்தான் டாக்டர்கள் அதிகம் விரும்புகிறார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் எல்லாரும் கரையில், வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். ராமேஸ்வரத்திலும் தொண்டியிலும் கீழக்கரையிலும் சங்கங்களும் ஜமாத்துகளும் தேவாலயப் பங்குகளும் அந்த 61 நாளில் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். கன்னத்தில் தடவுவதற்கு ஒரு நிமிஷம். அதற்கு முன் அம்மா, அப்பா, கல்யாணம் ஆனவர்கள் வீட்டுக்காரர் வீட்டுக்காரி, எல்லோரையும் கூடவே அழைத்து வந்து கேள்வி கேட்க விடுங்கள். அதற்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. நூறு பேர் அவசரத்தில் பதிவதைவிட, வீட்டில் பேசிவிட்டு வருகிற பத்துப் பேர் எனக்குப் பெரிசு.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை என் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். அவளிடம் கேட்காமல் பையனைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் போனேன். எழுது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பரிசோதனைக்கு எந்த ஊருக்குப் போக வேண்டுமாம் என்று கேட்டாள். அந்தத் தாய்க்கு ஊர் வழி தெரியாது, நான் வேண்டுமானால் துணைக்குப் போகிறேன் என்கிறாள். மகளிடம் சொல்லி எனக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். எந்த நாள் என்று தெரிந்தால் அவளை மண்டபம் ஸ்டேஷனில் நிற்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்.