பகைத்து நின்ற இரு சமூகத்து ஓவியர்கள் சேர்ந்து ஒரே சுவரில் வரைந்தது எங்காவது உண்டா?

உண்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 2007-ல் நடந்தது. அந்த ஊரில் சுவரோவியம் என்றாலே எல்லைக்கல் மாதிரி. படத்தைப் பார்த்தே இது கத்தோலிக்கர் தெருவா, புராட்டஸ்டன்ட் தெருவா என்று சொல்லிவிடலாம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மோதல் 1998 ஒப்பந்தத்தோடு பெருமளவு ஓய்ந்தது. ஆனால் இரு பகுதிகளையும் பிரிக்கும் ‘அமைதிச் சுவர்கள்’ பல இன்னும் நிற்கின்றன.

டேனி டெவெனி, பிரிட்டனிடமிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பின் கைதியாகச் சிறையில் இருந்தவர். மார்க் எர்வின் எதிர்முகாம்; பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பின் தலைவர்களில் ஒருவராக இருந்த டேவிட் எர்வினின் மகன். இருவரும் சேர்ந்து, கத்தோலிக்கர் பகுதியான ஃபால்ஸ் சாலைச் சுவரில் பிக்காசோவின் போர் எதிர்ப்பு ஓவியமான ‘கெர்னிகா’வைப் பெரிதாக வரைந்தார்கள். அந்த ஓவியத்துக்குக் காரணமான, ஸ்பெயினின் கெர்னிகா ஊர்மீது குண்டு வீசப்பட்ட கொடுமை நடந்து அப்போது 70 ஆண்டு.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெல்ஃபாஸ்டில் நிறமே அரசியல். பச்சை ஒரு தரப்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் மறுதரப்பு. நடைபாதை ஓரக்கல்லுக்குக்கூட அந்த வண்ணத்தைப் பூசிவைப்பார்கள். கெர்னிகாவிலோ கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். செத்த பிள்ளையை ஏந்திக்கொண்டு அண்ணாந்து கதறும் அந்தத் தாயை எந்தத் தரப்பும் தனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாது.

அப்புறம் இருவரும் லிவர்பூலுக்கும் போய், அங்கேயும் ஒன்றாக வரைந்தார்கள்.