கொழுகொம்பு – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

அயல்நாட்டுப் பணித்தளத்துக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் ஐந்து மணி நேரம் மொழி வகுப்பு, மாலையில் பிள்ளைகளுக்கு வேதபாடம். ஞாயிறு ஆராதனையில் மூன்றில் ஒரு பங்குதான் புரிகிறது. வேதத்தைத் திறந்தால் அடுத்த பாடத்துக்கு என்ன கிடைக்கும் என்றே கண் தேடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கெட்ட கனவுகள் வேறு. மலேரியாவுக்காக வாரம் ஒரு மாத்திரை எடுக்கிறேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. இதுவரை ஒருவர்கூட விசுவாசத்துக்குள் வரவில்லை. தாங்கும் சபைக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் மட்டும் எல்லாம் நன்றாக நடப்பதாக எழுதுகிறேன். என் அழைப்பு பொய்யோ? திரும்பிவிடலாமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை என்றால் அது மெஃப்ளோகுயினாக இருக்கலாம். கெட்ட கனவு, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அதன்மீது தனது மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நீங்களாக நிறுத்த வேண்டாம், மலேரியா வந்தால் அது உயிர்ப்பிரச்சினை. இந்த வாரமே மருத்துவரிடம் கனவையும் விழிப்பையும் சொல்லி, தினமும் எடுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற வேறொன்று உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அப்படியே ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆவிக்குரிய வறட்சி என்று மாதக்கணக்கில் உபவாசித்துப் போராடியபின் காரணம் உடம்பில் இருந்தது என்று தெரியவருவது உண்டு.

மருத்துவரிடம் போவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19-ஐ வரிசை மாறாமல் வாசிக்கச் சொல்லுங்கள். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம். பிறகு அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி உணவு. கர்த்தர் பேசியது அதற்கும் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். அங்கே அவன் ஒரே முறையீட்டை இரண்டு தடவை சொல்கிறான், அதற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லை. கடைசியில் அவனுக்கு ஒரு வேலையும், எலிசா என்ற ஒரு துணையும் கொடுக்கப்படுகின்றன.

உங்கள் விசுவாசத்துக்கு என்ன ஆயிற்று என்ற கலக்கம் கடிதத்தில் தெரிகிறது. விசுவாசம் என்ற கொடி அப்படியே இருக்கிறது, அது பற்றி நின்ற கொழுகொம்புகள்தான் போய்விட்டன. சொந்த நாட்டில் உங்களைத் தாங்கியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: கண்ணை மூடியும் பாடத் தெரிந்த பாட்டுகள், முகவாட்டத்தைக் கண்டுபிடித்துவிடும் மூத்தவர்கள், வாராவாரம் கூடும் ஜெபக்குழு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மொழி. இவை எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் கழன்றுவிட்டன. புதிய மொழியில் உங்களுக்கு இன்னும் குழந்தையின் சொற்கள்தான் இருக்கின்றன. துக்கத்தையும் சந்தேகத்தையும் அதில் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஒவ்வொரு கொம்பையும் அங்கே நீங்களே நட வேண்டும்.

முதலில் நட வேண்டியது தாய்மொழி ஜெபம். வகுப்புக்குப் போகுமுன் இருபது நிமிடம், வாய்விட்டு. வகுப்பு முடிந்தபின் வேண்டாம். ஐந்து மணி நேரம் அந்நிய மொழியோடு மல்லுக்கட்டிய மூளை மௌனத்தில் தூங்கிவிடும். சொந்த வார்த்தை வராதபோது வேதத்திலுள்ள சங்கீதங்களை வாசித்து ஜெபியுங்கள். 150 சங்கீதங்கள், நாளுக்கு ஐந்து, முப்பது நாள். தேதியிலிருந்து முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும்: 1ஆம் தேதிக்கு 1, 31, 61, 91, 121. 29ஆம் தேதியில் 119 வந்து மாட்டும், அதற்கு 176 வசனங்கள். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளிவையுங்கள். நேரமில்லாத நாளில் ஐந்தில் ஒன்றை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

இந்த முறையின் பெரிய நன்மை, பிடித்த சங்கீதங்களை மட்டும் பொறுக்கியெடுக்க விடாது. 13ஆம் தேதி வந்தால் 13ஆம் சங்கீதத்தோடு "எதுவரைக்கும்" என்று கேட்டே ஆக வேண்டும். 28ஆம் தேதி 88 வரும்; வெளிச்சம் என்ற சொல்லே இல்லாமல் இருளில் முடியும் சங்கீதம் அது. அன்றைக்கே 118-ன் துதியும் வரும். இரண்டையும் ஒரே வாயால் சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்லுங்கள், உங்கள் நிலைமைக்கு ஏற்கெனவே வேதத்தில் வார்த்தை இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். இந்த நேரத்தில் கையில் பேனா வேண்டாம். குறிப்பெடுக்கத் தொடங்கினால் அது பாடத் தயாரிப்பாகிவிடும். பாடத்துக்குப் பயன்படுத்தும் வேதாகமத்தையும் தனியாக வையுங்கள்.

சொந்தச் சபையின் இணைய ஆராதனையை வாரம் ஒருமுறைக்குமேல் பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் அது மருந்துபோல் இருக்கும். நாளாக ஆக, அரைகுறையாகப் புரிகிற உள்ளூர் ஆராதனைக்குப் போக மனம் வராது. அரைகுறையாகப் புரிந்தாலும் திருவிருந்து புரியும். அங்கே போய் நில்லுங்கள்.

ஞாயிறு உங்களுக்கு வேலைநாள். ஆகவே வேறொரு நாளை ஓய்வுநாளாக நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஜெபக்கடிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது அந்த ஒரு வரி. நூறு பேர் ஜெபிக்கிறார்கள், உங்களுக்கு இல்லாத ஒரு நிலைமைக்காக ஜெபிக்கிறார்கள். உண்மையை எழுதினால் தாங்குகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. எனவே கடிதத்தை இரண்டாக்குங்கள். பொதுக்கடிதத்தில் பொய் இல்லாமல் சுருக்கமாக, "தூக்கம் குறைவு, மொழி கடினம், பலனுக்காகக் காத்திருக்கிறேன்" என்று எழுதலாம். இன்னொன்று மூன்று பேருக்கு மட்டும், ஒளிவுமறைவு இல்லாமல். அந்த மூவரில் உங்கள் மேற்பார்வையாளரும் உங்களுக்கு வரும் காணிக்கைக்குப் பொறுப்பானவரும் இருக்கக் கூடாது. அந்த மூவரில் ஒருவரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் பேசுங்கள். அவர் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், ஊழியத்துக்காக அல்லாமல் கடைசியாக எப்போது ஜெபித்தீர்கள், இப்போது எதை மறைக்கிறீர்கள். பவுல் கொரிந்தியருக்கு, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக எழுதினான். தீமோத்தேயுவிடம் மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவா, குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்று கேட்டான். ஆள் வேண்டும், போர்வை வேண்டும் என்று அப்போஸ்தலனே கேட்டிருக்கிறான்.

பலன் பற்றி. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தார். அவர் ஊழியத்தின் முதல் விசுவாசி கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவில் இறங்கினார். முதல் விசுவாசி 1819-ல். இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. கேரியின் மகன் பீட்டர் 1794-ல் இறந்தான். மனைவி டாரத்தியின் மனம் உடைந்து, 1807-ல் இறக்கும்வரை மீளவேயில்லை. முதல் விசுவாசிக்காகக் காத்திருந்த அந்த ஏழு ஆண்டுகளில் மகனின் மரணமும் மனைவியின் உடைவும் அடங்கும். ஜட்சன் சிறையிலிருந்து மீண்டபின் 1826-ல் மனைவியையும் அடுத்த ஆண்டு குழந்தையையும் இழந்து, காட்டுக்குள் ஒதுங்கி, தனக்கே குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். அந்த இருளிலிருந்து மெல்ல மீண்டு 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். அவர் அழைப்பு பொய்யென்று அந்தக் குழியை வைத்து யாரும் முடிவு செய்யவில்லை.

திரும்பிவிடலாமா என்பதற்கு இப்போது பதில் தேடாதீர்கள். வறட்சிக் காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே விதி வகுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறியுங்கள். மருத்துவம், தூக்கம், சங்கீதம், அந்த மூவர் எல்லாம் நடைமுறைக்கு வந்தபின், அன்றைக்கு அவர்களோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். திரும்புவது என்று முடிவானால் அதுவும் கீழ்ப்படிதல்தான்.

ஒன்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, உங்களை யாராவது துன்புறுத்தினாலோ, மூன்று மாதமும் வேண்டாம், மூன்று நாளும் வேண்டாம். அன்றைக்கே அருகில் இருப்பவரிடம் சொல்லி, பாதுகாப்பான இடத்துக்கும் மருத்துவரிடமும் போய்விடுங்கள். அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

சங்கீதங்களைத் தொடங்க மாதப்பிறப்பு வரை பொறுக்காதீர்கள். நாளைக்கு எந்தத் தேதியோ அந்த ஐந்திலிருந்து ஆரம்பியுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.